கேள்வி – பதில்: ரிங்கோவின் பழைய முதலாளி

போன இதழில் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதிலின் ஓரத்தில், "பீட்டில்ஸில் சேரும்முன் ரோரி ஸ்டார்ம் என்ற பாடகரிடம் வாசித்தார், அந்த ரோரியின் கதை தனிக்கதை" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். நீங்கள் விடுவதாக இல்லை. வந்த கடிதங்களில் பாதி அந்தத் தனிக்கதையைக் கேட்டுத்தான். சரி, இந்த முறை மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும்.

கேள்வி: யார் இந்த ரோரி ஸ்டார்ம்? உண்மையான பெயரே இதுதானா?

பதில்: பிறந்தபோது வைத்த பெயர் ஆலன் எர்னஸ்ட் கால்டுவெல். (ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லுக்கு உறவா என்று அடுத்த வாரம் கடிதம் போடாதீர்கள்.) பிறந்தது 1938 ஜனவரி 7, லிவர்பூலில். அப்பா எர்னி ஜன்னல் கண்ணாடி துடைக்கும் தொழிலாளி. மிச்ச நேரத்தில் பிராட்கிரீன் மருத்துவமனையில் போர்ட்டர் வேலை, நோயாளிகளுக்குப் பாட்டும் பாடிக்காட்டுவாராம். அம்மா வயலெட், எல்லோருக்கும் 'வை'. தங்கை ஐரிஸ்.

ஆலன் பருத்தி விற்பனைத் தொழிலில் வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு ஸ்கிஃபிள் (மலிவான கிடாரும் வீட்டுச் சாமானும் வைத்து வாசிக்கும் இசை) குழுவை ஆரம்பித்தார். குழுவுக்கு முதலில் டெக்ஸான்ஸ் என்று பெயர். அமெரிக்காவின் டெக்ஸஸைக் கண்ணால் பார்க்காத பையன்கள்! பிறகு 'ரேவிங் டெக்ஸான்ஸ்' ஆனது, தலைவர் பெயர் 'அல் ஸ்டார்ம்' என்றும் 'ஜெட் ஸ்டார்ம்' என்றும் மாறியது. கடைசியில் 'ரோரி ஸ்டார்ம் அண்ட் தி ஹரிக்கேன்ஸ்' என்பதில் வந்து நின்றது. மேடைப் பெயரோடு விட்டாரா என்றால் இல்லை. சட்டப்படியே பெயரை மாற்றிக்கொண்டார். பிராட்கிரீன் ரோடில் குடும்பம் இருந்த வீட்டுக்கும் 'ஸ்டார்ம்ஸ்வில்' என்று பெயர் வந்தது. ஒருமுறை பூட்டில் ரயில் நிலையத்துச் சுவரெல்லாம் 'ஐ லவ் ரோரி' என்று யாரோ எழுதிக்கொண்டிருந்ததை ஒரு ரயில்வே போர்ட்டர் கையும் களவுமாகப் பிடித்தார். எழுதிக்கொண்டிருந்தவர் ரோரி.

இந்த ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொண்டால் ஆளைப் பாதி தெரிந்துகொண்ட மாதிரி.

கேள்வி: ரோரியின் குழு மாதிரியான குழுக்களை 'பீட் குழு' என்கிறார்களே. ராக் அண்ட் ரோலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: 1956, 57 வாக்கில் பிரிட்டனில் ஸ்கிஃபிள் பைத்தியம் பிடித்தது. ஒரு மலிவான கிடார், துணி துவைக்கும் தகரப்பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய பேஸ். இவை இருந்தால் குழு ரெடி. அந்தப் பையன்களே கொஞ்சம் காசு சேர்த்து மின்கிடாரும் டிரம்ஸும் வாங்கி, அமெரிக்க ராக் அண்ட் ரோல், ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகளை நடன அரங்குகளில் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தபோது பீட் குழு பிறந்தது. பெரும்பாலும் இரண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். முன்னால் பாடகர் ஒருவர் நிற்கலாம், கிடார் வாசிப்பவர்களே பாடவும் செய்யலாம். ரோரி முதல் ரகம். மைக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்பவர். நிற்பவர் என்பது தப்பு, ஒரு இடத்தில் அவர் நின்றதே கிடையாது.

கேள்வி: பீட்டில்ஸைவிட இவர் பெரிய ஆளாக இருந்தார் என்று எங்கோ படித்தேன். நம்பலாமா?

பதில்: 1960-இல் நம்பலாம். அந்த வருடம் ஹாம்பர்க் நகரத்தின் கைசர்கெல்லர் கிளப்புக்கு ஒட்டிய சுவரொட்டி இன்றும் படமாகக் கிடைக்கிறது. மேலே பெரிதாக ரோரி ஸ்டார்மும் அவருடைய ஹரிக்கேன்ஸும். ஹரிக்கேனை ஜெர்மன்காரர்கள் எழுத்துப்பிழையோடு அச்சடித்திருப்பார்கள். கீழே பீட்டில்ஸ்.

அதற்கு முன்பே ஊரில் ஒரு கலாட்டா. கேவர்ன் கிளப் அப்போது ஜாஸ் கிளப். 1960 ஜனவரியில் ஒரு ஜாஸ் விழா வாரத்தில் ஹரிக்கேன்ஸுக்கு அங்கே வாய்ப்புக் கிடைத்தது. ஸ்கிஃபிள் மட்டும் வாசித்திருந்தால் பிரச்சினை இல்லை. ரோரி சும்மா இருப்பாரா? நடுவில் ராக் அண்ட் ரோலுக்குத் தாவினார். ஜாஸ் ரசிகர்களுக்குக் கோபம் தலைக்கேறி, மேடை மேல் பென்னிக் காசுகளை வீசி அடித்தார்கள். கிளப் உரிமையாளர் ரே மெக்ஃபால் குழுவுக்கு 6 ஷில்லிங் அபராதம் போட்டார். மேடையில் விழுந்து கிடந்த காசைப் பையன்கள் பொறுக்கி எண்ணினால் அபராதத்தைவிட அதிகம் இருந்ததாம். அதே கேவர்ன்தான் ஒரு வருடம் கழித்து பீட்டில்ஸை வைத்துப் புகழ் பெற்றது.

ஹாம்பர்குக்கு வருவோம். இரண்டு குழுக்களும் இரவு முழுக்க மாறி மாறி வாசிக்கவேண்டும். மேடை உளுத்துப்போன பலகைகள். உடைந்தால்தான் முதலாளி புதிது போடுவார் என்று முடிவு செய்து, யார் முதலில் உடைப்பது என்று இரண்டு குழுக்களுக்கும் பந்தயம். ரோரி பியானோ மேல் ஏறி அங்கிருந்து மேடையில் குதித்தார். பலகை பிளந்தது. பந்தயத்தில் ஜெயித்தார், முதலாளி கோஷ்மைடரிடம் 65 மார்க் அபராதமும் கட்டினார்.

அந்த அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது, அன்று யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. ஹரிக்கேன்ஸின் பேஸ் வாத்தியக்காரர் லூ வால்டர்ஸுக்கு நல்ல குரல். அவர் பாடுவதைப் பதிவு செய்ய ஹாம்பர்கில் ஒரு சின்ன ஒலிப்பதிவு நிலையத்துக்குப் போனார்கள். பின்னணி வாசித்தது பீட்டில்ஸின் லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன், டிரம்ஸில் ரிங்கோ. நால்வரும் சேர்ந்து வாசித்த முதல் ஒலிப்பதிவு அது. வாசித்தவர்கள் உலகை ஆண்டார்கள், பாடிய வால்டர்ஸ் பெயரை இந்தப் பத்தியைப் படிக்கும்வரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

கேள்வி: அவருக்குத் திக்குவாய் என்று ஒரு நண்பர் சொன்னார். திக்குகிறவர் பாடகராக இருப்பது எப்படி?

பதில்: நண்பர் சொன்னது சரி. ரோரிக்குப் பேசும்போது கடுமையாகத் திக்கும். ஒரு நகைச்சுவைத் துணுக்கைச் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும் என்று நண்பர்கள் அவரைச் சொல்லவே விடமாட்டார்களாம். மதுக்கடையில் எல்லோருக்குமாகச் சேர்த்து வாங்கிவரச் சொல்லி அனுப்புவதும் கிடையாது. ஆனால் பாட்டில் ஒரு சொல் தடுக்காது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. திக்குபவர்களில் மிகப் பலர் பாடும்போது திக்குவதில்லை. பேச்சில் அடுத்த சொல் என்ன, எப்போது தொடங்குவது என்று ஒவ்வொரு நொடியும் மூளை முடிவெடுக்க வேண்டும். பாட்டில் சொல் முன்பே மனப்பாடம், எப்போது தொடங்கவேண்டும் என்பதைத் தாளம் சொல்லிவிடுகிறது, உயிரெழுத்துகள் நீள்கின்றன, குரல் அறுபடாமல் ஓடுகிறது. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் திக்கு குறைவது இதனால்தான்.

என் சொந்த ஊகம் ஒன்று. கீழே நின்றால் ஒரு வாக்கியம் பேச முடியாத மனிதருக்கு மேடையில் மட்டும் எல்லாம் தடையில்லாமல் வருகிறது என்றால், அவர் மேடையை விட்டு இறங்க விரும்பமாட்டார். தங்க ஜரிகைச் சட்டை, இளஞ்சிவப்பு உடுப்பு, பாட்டின் நடுவே பிரம்மாண்டமான சீப்பை எடுத்துப் பொன்னிற முடியை வாரிக்கொள்ளும் சேட்டை எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் எனக்கு அவை வெறும் ஆடம்பரமாகத் தெரியவில்லை. அவருக்கு வாய் தராத பேச்சு அது.

கேள்வி: மேடையில் அப்படி என்னதான் செய்தார்? பாட்டைவிடச் சாகசம்தான் அதிகம் போலிருக்கிறதே?

பதில்: உங்கள் கிண்டல் புரிகிறது, முழுக்கத் தப்பும் இல்லை. ரோரி தடகள வீரர். லிவர்பூலில் பெம்புரோக் தடகளச் சங்கத்துக்காக ஓடியவர். நிகழ்ச்சி முடிந்ததும் மற்றவர்கள் வண்டியில் ஏற, இவர் வீட்டுக்கு ஓடியே போவாராம். நீச்சல், பனிச்சறுக்கு, கால்பந்து, எல்லாம் உண்டு.

நியூ பிரைட்டன் நீச்சல் குளத்தில் ஒரு நிகழ்ச்சி. பாட்டின் நடுவில் மேடையை விட்டு ஓடி, குதிக்கும் பலகைகளில் மிக உயரமானதில் ஏறினார். சட்டை கால்சட்டையைக் கழற்றினார், உள்ளே நீச்சலுடை தயாராக இருந்தது. குழு வாசித்துக்கொண்டே இருக்க, தண்ணீரில் பாய்ந்தார். இன்னொரு முறை அதே ஊர் அரங்கின் கூரைக்கு ஏறி, கண்ணாடி உடைந்து உள்ளே விழுந்தார். 1964 ஜனவரியில் பிர்க்கன்ஹெட் மெஜஸ்டிக் அரங்கில் மாடத்தைத் தாங்கும் தூணைப் பற்றி ஏறினார். கை நழுவி விழுந்து காலை உடைத்துக்கொண்டார்.

குரல்? மோசமில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அன்றைய லிவர்பூலில் அதைவிட நல்ல குரல்கள் அரை டஜன் தேறும். ரோரியைக் கண்ணைத் திறந்துகொண்டு கேட்கவேண்டும்.

கேள்வி: ரிங்கோவை பீட்டில்ஸ் தட்டிக்கொண்டு போனதால்தான் ரோரி அழிந்தார். இது அநியாயம் இல்லையா?

பதில்: கோபத்தோடு வந்திருக்கும் கடிதம் இது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் ரிங்கோவுக்கு ரோரி செய்தது. ரிச்சர்ட் ஸ்டார்க்கி என்ற பையன் பள்ளிகளுக்கு உடற்பயிற்சிக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்தான். 1959-இல் ஹரிக்கேன்ஸில் சேர்ந்தான். 1960 கோடையில் வேல்ஸின் புத்தெலியில் இருந்த பட்லின்ஸ் விடுமுறை முகாமில் குழுவுக்கு வேலை கிடைத்தது, ஆளுக்கு வாரம் 25 பவுண்டு. நிலையான தொழிலை விட்டுவிட்டு வருவதா என்று பையனுக்குத் தயக்கம், வீட்டாருக்கு அதைவிட. கடைசியில் வந்தான். 'ரிங்கோ ஸ்டார்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது ரோரியின் குழுவில்தான். நிகழ்ச்சியின் நடுவே 'ஸ்டார் டைம்' என்று ஒரு பகுதியையே ரோரி அவருக்கு ஒதுக்கினார். டிரம்மர் பாடலாம், தனியாக வாசித்துக் காட்டலாம். பின்னால் உட்கார்ந்திருப்பவனை முன்னால் காட்ட எத்தனை பாடகர்களுக்கு மனம் வரும்?

1962 ஆகஸ்டில் ஹரிக்கேன்ஸ் ஸ்கெக்னெஸ் ஊரின் பட்லின்ஸ் முகாமில் இருந்தார்கள். பீட்டில்ஸ் தங்கள் டிரம்மர் பீட் பெஸ்ட்டை நீக்கிவிட்டு ரிங்கோவைக் கூப்பிட்டார்கள். கோடைக்கால ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை, சில நாள் அவகாசத்தில் கிளம்பிவிட்டார். ஆகஸ்ட் 18-இல் போர்ட் சன்லைட்டில் பீட்டில்ஸோடு அவருடைய முதல் மேடை. ரோரிக்குப் பதிலுக்கு வந்தவர் கிப்சன் கெம்ப், அப்போது 16 வயதுப் பையன். அவரும் போனார், அப்புறம் ஒவ்வொருவராக வந்து போனார்கள். அதில் கீஃப் ஹார்ட்லியும் ஒருவர், பின்னாளில் புளூஸ் உலகில் பெயர் எடுத்தவர்.

அடி பட்டது உண்மை. ஆனால் அழிந்தது இதனால் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. டிரம்மர் போவதற்கு முன்பே குழு பின்தங்க ஆரம்பித்திருந்தது. காரணம் அந்த 25 பவுண்டு வேலையே என்பேன்.

பட்லின்ஸ் முகாமில் என்ன நடக்கும்? விடுமுறைக்காரர்கள் ஒரு வாரம் தங்குவார்கள், போவார்கள், அடுத்த கூட்டம் வரும். வாராவாரம் புது முகம். அதே பாட்டு, அதே சீப்பு, அதே குதி போதும், ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கைதட்டுவார்கள். கேவர்னில் நிலைமை நேர்மாறு. மதிய நேரத்துக்கு வருகிற அதே அலுவலகப் பெண்கள், அதே பையன்கள், வாரத்தில் பல நாள். போன செவ்வாய்க்கிழமை பாடியதையே பாடினால் முகம் சுளிப்பார்கள். புதுப் பாட்டு தேடியே ஆகவேண்டும், தேடி அலுத்தால் சொந்தமாக எழுதியே ஆகவேண்டும். 1960, 61, 62 என்று மூன்று கோடைகளை ரோரி முகாமில் கழித்தார். 1961 பிப்ரவரியிலிருந்து பீட்டில்ஸ் கேவர்னில் வேர்விட்டார்கள். ரோரியின் குழு கடைசிவரை சொந்தப் பாட்டில் கால் பதிக்கவே இல்லை.

எனவே அநியாயம் என்று யாரையும் நிறுத்தி வைத்து விசாரிக்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

கேள்வி: பத்திரிகை வாக்கெடுப்பில் மோசடி செய்தாராமே?

பதில்: ஆமாம், ஆனால் எல்லோரும் செய்தார்கள். லிவர்பூலின் இசைப் பத்திரிகை 'மெர்சி பீட்' 1961 ஜூலையில் தொடங்கியது. வாசகர்களின் அபிமானக் குழு எது என்று நடத்திய முதல் வாக்கெடுப்பின் முடிவு 1962 ஜனவரியில் வந்தது. பீட்டில்ஸ் முதலிடம், ரோரி நான்காவது. ஆசிரியர் பில் ஹாரி பின்னாளில் சொன்னது: எண்ணிக்கைப்படி ரோரிக்குத்தான் அதிக ஓட்டு. ஆனால் அதில் ஒரு கட்டு, பச்சை மையில், ஒரே கையெழுத்தில், ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் தபாலில் சேர்ந்திருந்தது. அதைத் தள்ளிவிட்டார். பீட்டில்ஸ்காரர்களும் பத்திரிகையை வாங்கிக் குவித்துத் தங்களுக்கே ஓட்டுப் போட்டவர்கள்தான். என்ன, மையை மாற்றி எழுதுகிற சாமர்த்தியம் இருந்தது போல.

ரயில் நிலையச் சுவரை நினைத்துப் பாருங்கள். ரோரிக்குத் தந்திரம் செய்யத் தெரியும், மறைக்கத் தெரியாது.

கேள்வி: எத்தனை இசைத்தட்டுகள் வந்தன? ஏன் விற்கவில்லை?

பதில்: இரண்டே இரண்டு சிங்கிள். பீட்டில்ஸ் வெற்றிக்குப் பிறகு லண்டன் கம்பெனிகள் லிவர்பூலுக்குப் படையெடுத்தன. அதில் ஓரியோல் என்ற சின்னக் கம்பெனி 1963-இல் ரியால்டோ நடன அரங்கில் ஒலிப்பதிவுக் கருவிகளை இறக்கி, வரிசையாகப் பல குழுக்களைப் பதிவு செய்து இரண்டு தொகுப்புகளாக வெளியிட்டது. ஹரிக்கேன்ஸும் அதில் உண்டு. அதிலிருந்தே முதல் சிங்கிள் 'டாக்டர் ஃபீல் குட்', 1963 கடைசியில் வந்தது. விற்பனைப் பட்டியல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஓரியோல் கம்பெனியே அடுத்த வருடம் கைமாறிவிட்டது.

இரண்டாவது 1964 நவம்பரில், பார்லஃபோன் வெளியீடு. தயாரித்தவர் யார் தெரியுமா? பிரையன் எப்ஸ்டீன், பீட்டில்ஸின் மேனேஜரேதான். மேடைகளில் ஆயிரம் பேரைக் கையாண்ட அவர் ஒலிப்பதிவு அறையில் தயாரிப்பாளராக உட்காருவது அபூர்வம். பாட்டு, வெஸ்ட் சைட் ஸ்டோரி இசை நாடகத்தின் 'அமெரிக்கா'. ரிங்கோவும் வந்து உதவினார் என்பார்கள். அதுவும் விற்கவில்லை. தங்கள் குழுவை நிர்வகிக்க முடியுமா என்று ரோரி கேட்டதற்கு எப்ஸ்டீன் மாட்டேன் என்றுவிட்டார்.

ஏன் விற்கவில்லை என்றால், அந்த இரண்டு தட்டுகளிலும் ஒரு சீப்பு இல்லை, ஒரு தூண் இல்லை, ஒரு நீச்சல் குளம் இல்லை. நேரில் பார்த்தவர்களுக்கு அவை ஞாபகப் பொருள். பார்க்காத லண்டன்காரருக்கு, 1963, 64-இல் கடைக்கு வந்த நூறு லிவர்பூல் தட்டுகளில் இன்னொன்று. தொலைக்காட்சியில் அடிக்கடி முகம் காட்டியிருந்தால் கதை மாறியிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இன்னொரு கோணமும் இருக்கிறது. லிவர்பூலை விட்டு நெடுநாள் சுற்றுப்பயணம் போவதில் அவருக்கு ஆசையே இல்லை, ஓட்டப் பயிற்சியை விட மனமில்லை, லிவர்பூல் அணியின் ஆட்டத்தைத் தவறவிட மாட்டார் என்று நெருங்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1960 மே மாதம் ஒரு சம்பவம். லண்டனிலிருந்து லாரி பார்ன்ஸ் என்ற பெரிய முகவர் பாடகர் பில்லி ஃபியூரியோடு வந்து, ஃபியூரிக்குப் பக்க வாத்தியக் குழு தேர்ந்தெடுத்தார். ஊரிலுள்ள குழுக்களெல்லாம் வரிசையில் நின்றன. ரோரியும் வந்தார். எதற்கு? ஃபியூரியோடு சேர்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ள. எடுத்தார், போய்விட்டார்.

கேள்வி: அவருடைய அம்மாதான் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தவர் என்கிறார்களே?

பதில்: வை கால்டுவெல் தனியாக ஒரு பத்தி கேட்கும் பெண்மணி. ஸ்டார்ம்ஸ்வில் வீட்டின் கதவு இசைக்காரப் பையன்களுக்கு எந்நேரமும் திறந்தே இருக்கும். நள்ளிரவு தாண்டி நிகழ்ச்சி முடிந்து வந்தாலும் டீ உண்டு, சாப்பிட ஏதாவது உண்டு, விடியும்வரை அரட்டை உண்டு. 1958-இல் ரோரி 'மார்க்' (பிணவறை) என்று ஒரு ஸ்கிஃபிள் கிளப்பைப் பழைய வீட்டு நிலவறையில் நடத்தினார். அப்படிப் பெயர் வைத்தால் போலீஸ் விடுமா? சில வாரங்களில் மூடிவிட்டார்கள். அந்தக் காலத்தில் குழுவில் சேர வாசித்துக்காட்டிய ஒரு பையனை, சின்ன வயசு என்று சேர்த்துக்கொள்ளவில்லை. ஜார்ஜ் ஹாரிசன். அவர் ஐரிஸின் சிறுவயதுத் தோழனும்கூட. பிறகு ஐரிஸோடு பழகியவர் பால் மெக்கார்ட்னி. கடைசியில் ஐரிஸ் மணந்தது ஷேன் ஃபென்டன் என்ற பாடகரை.

மகனுக்கு வாய்ப்புத் தேடுவதிலும், மகன் பெயரைப் பரப்புவதிலும் வைக்குச் சலிப்பே வந்ததில்லை. மகனும் கடைசிவரை அந்த வீட்டை விட்டு மனதளவில் வெளியேறவில்லை.

கேள்வி: தோற்றுப்போன ஒருவருக்கு எதற்கு இத்தனை பக்கம்? வென்றவர்களைப் பற்றி எழுதுங்கள்.

பதில்: வென்றவர்களைப் பற்றி அலமாரி அலமாரியாக இருக்கிறது, எடுத்துப் படியுங்கள்.

கேள்வி: ரோரியும் அம்மாவும் ஒன்றாகத் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று படித்தேன். உண்மையா?

பதில்: பலர் அப்படியே எழுதிவிட்டார்கள். விசாரணை சொன்னது வேறு.

1967-இல் ஹரிக்கேன்ஸின் கிடார் கலைஞர் டை ஓ'பிரையன் குடல்வால் நோயில் இறந்தார், வயது 26. ஆரம்ப நாளிலிருந்து கூட இருந்தவர். குழு அதோடு கலைந்தது. ரோரி இசைத்தட்டு சுழற்றும் டிஸ்க் ஜாக்கி ஆனார். லிவர்பூல் சில்வர் பிளேட்ஸ் பனிச்சறுக்கு அரங்கில் கொஞ்ச காலம், ஸ்பெயினின் பெனிடார்மில் நீர்ச்சறுக்கு கற்றுத்தரும் வேலையும் சேர்த்துக் கொஞ்ச காலம், ஆம்ஸ்டர்டாமில் கொஞ்ச காலம். 1972-இல் அப்பா எர்னி இறந்தார். ரோரி ஆம்ஸ்டர்டாமிலிருந்து அம்மாவிடம் திரும்பினார். ரோரிக்கு மார்புச் சளித்தொற்று, தூக்கம் வரவில்லை, தூக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். செப்டம்பர் 28 அன்று ஸ்டார்ம்ஸ்வில் வீட்டில் இருவரும் இறந்து கிடந்தார்கள். ரோரிக்கு வயது 34.

பிரேதப் பரிசோதனையில் ரோரியின் உடலில் மதுவும் மாத்திரையும் இருந்தன, ஆனால் உயிரை எடுக்கும் அளவுக்கு இல்லை. வேண்டுமென்றே செய்ததல்ல, விபத்து என்பதே அவரைப் பற்றிய முடிவு. மகனை அந்த நிலையில் கண்ட அம்மாவின் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அந்த இரவைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. 'வாய்ப்பை இழந்த பாடகன் மனமுடைந்து உயிரை மாய்த்தான்' என்று எழுதினால் கதைக்கு வசதியாக இருக்கும், அதனால்தான் அத்தனை பேர் அதை எழுதினார்கள். குழு கலைந்து ஐந்து வருடம் ஆகியும் வேலை செய்துகொண்டு, ஊர் ஊராகப் போய்க்கொண்டு இருந்த மனிதர் அவர்.

குழுவின் பழைய ஆட்களே இரண்டு சவப்பெட்டிகளையும் சுமந்தார்கள். 'ஜானி கிடார்' என்று அழைக்கப்பட்ட ஜானி பைர்ன் பின்னாளில் ஆம்புலன்ஸ் பணியில் சேர்ந்தார், 1999-இல் மறைந்தார்.

கேள்வி: ரிங்கோ பழைய முதலாளியை மறந்துவிட்டாரா?

பதில்: இல்லை. 2008-இல் வந்த 'லிவர்பூல் 8' பாட்டில் பட்லின்ஸ் நாட்களோடு ரோரியின் பெயர் வருகிறது. 2015 ஆல்பத்தில் 'ரோரி அண்ட் தி ஹரிக்கேன்ஸ்' என்று ஒரு பாட்டையே வைத்தார். எழுபத்தைந்து வயதை நெருங்குகிறவர் இருபது வயதில் தன்னை வேலைக்கு வைத்திருந்தவரைப் பற்றிப் பாடுவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

கேள்வி: இவ்வளவு சொல்லிவிட்டீர்கள். இப்போது ஒரு பாட்டு கேட்கவேண்டும் என்றால் எங்கே தொடங்க?

பதில்: இரண்டு சிங்கிளையும் தள்ளி வையுங்கள். 2012-இல் 'லைவ் அட் தி ஜைவ் ஹைவ்' என்று ஒரு ஆல்பம் வந்தது. 1960 மார்ச் மாதம் கிராஸ்பியில் செயின்ட் லூக்ஸ் ஹாலில் பதிவான நாடா, பல வருடம் வீட்டில் கிடந்து ஐரிஸ் கையில் கிடைத்தது. ஹாம்பர்குக்கு முன், பட்லின்ஸுக்கு முன். டிரம்ஸில் ரிங்கோ. ஒலித்தரம் சுமார்தான், ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் காது வலிக்கும். நல்ல ஸ்பீக்கரில், கொஞ்சம் சத்தமாக, நின்றுகொண்டு கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.